ஷண்ட்

கூடல்நகர் யார்டில் பதினோரு வருஷம்
கைவிளக்கை ஆட்டி நான் சொன்ன சொல்லை
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:
"பாப்பாவுக்கு ஷண்ட் வைக்கணும்."

தலைக்குள் தேங்கும் நீரை
வயிற்றுக்கு இறக்க ஒரு லைன்.
நான் சிரித்துவிட்டேன் போல.
பிலோமினா முறைத்த முறைப்பு
இன்னும் தோளில் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த
சமயநல்லூர் எலக்ட்ரீஷியன் சொன்னான்,
மீட்டர் கருகாமலிருக்க
கரண்டைப் பக்கமாகத் திருப்பிவிடும்
துண்டுக் கம்பிக்கும் அதுதான் பேராம்.
எதிர்த்துப் பேசியவனை மானாமதுரைக்கு மாற்றினால்
நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

தூக்குவாளியோடு
கோரிப்பாளையத்துக்கும் காலனிக்கும்
நாலாவது தடவை நடந்தபோது
டீக்கடை ஜெகவீரன் கேட்டான்:
"என்னண்ணே, ஷண்டிங்கா?"
கிளாசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.
காசு கொடுத்தேனா, தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியும் டூட்டி.
இரண்டு பெட்டிக்கு நடுவே நிற்கிறேன்.
லோகோ பின்னால் வருகிறது
மெதுவாக
இன்னும் மெதுவாக.
இடிக்காமல் தொட வேண்டும்.
எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள்.
மழித்த தலை, காதுக்குப் பின்னால் தையல்.
கழுத்துத் தோலுக்கு அடியில் இறங்கும் குழாயை
பெனிட்டா தூங்கும்போது
ஒற்றை விரலால் தொட்டேன்.

"லைன் சரியாப் போட்டிருக்காங்களா?"

டாக்டரிடம் இல்லை,
என்னிடம் கேட்டாள் பிலோமினா.