மின்விசிறி முன் பிடிக்கவும்

ராத்திரி பத்து மணிக்கு மேல்நிலைத் தொட்டியின்
ஏழாவது படியில் நின்றால்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
அங்கே நின்றுதான் இறக்கினேன்:
நாலாம் வகுப்பு, அறிவியல், காற்றின் ஆற்றல்.
பதினேழு பக்கம்.

முகம் தெரியாத யாரோ
எனக்காக உட்கார்ந்து யோசித்திருந்தார்,
எத்தனை நிமிடம் பேசுவது, எங்கே நிறுத்துவது,
பிள்ளைகள் முழித்தால் எந்தப் படத்தைக் காட்டுவது.
நன்றியாகத்தான் இருந்தது.
ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேர்.
எஸ்தர்கனி டீச்சர் கூட்டத்துக்குப் போனால்
நான் ஒருத்தி.

தேவையான பொருட்கள்:
வண்ணத்தாள், குண்டூசி, ரப்பர் வைத்த பென்சில்.
குறிப்பு: வகுப்பறையில் போதிய காற்று இராது.
மின்விசிறி முன் பிடிக்கவும்.

படியிலேயே சிரித்துவிட்டேன்.
பணகுடிக்குத் தெற்கே எங்கள் பள்ளிக்கூடம்.
ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று
சத்துணவுத் தட்டைப் பறித்துக்கொண்டுபோய்
கொடிக்கம்பத்தடியில் போடும்.
வருகைப் பதிவேட்டின் மேல்
அரைச் செங்கல் வைத்துத்தான் பேர் கூப்பிடுவேன்.

மறுநாள் பத்தேகாலுக்குக் கரண்டு போனது.
ஸ்டூலில் போன். சுற்றிப் பதினான்கு தலைகள்.
காணொளியை மட்டும் இறக்க மறந்திருந்தேன்.
திரையில் ஒரு சின்ன வட்டம்
சுற்றியது, சுற்றியது.
"இதான் காத்தாடியா டீச்சர்?" என்றான் ஒருவன்.
கேலியாகக் கேட்கவில்லை.

வெளியே கூட்டிப்போனேன்.
தாள் காத்தாடிகள் எல்லாம் ஒரே இழுப்பில் கிழிந்தன.
மாசானமுத்து வேலிப்பக்கம் ஓடி
பனையோலையும் உடைமுள்ளும் கொண்டுவந்தான்.
ஓலை சுழன்ற வேகத்தில் ஓலையே தெரியவில்லை,
சர்ர் என்ற சத்தம் மட்டும்.
ஆறாம் பக்கத்தில் கட்டம் போட்டிருந்த கேள்வியைக் கேட்டேன்:
காத்தாடியைச் சுற்றவைத்தது எது?
காத்தூ!
எதிர்பார்க்கப்படும் விடை: காற்று.
பதினாலுக்குப் பதினாலு.

அப்போது பிரம்மசக்தி கையை நீட்டினாள்,
என்னைப் பார்த்து அல்ல, தெற்கே.
"அப்போ அது ஏன் டீச்சர் சுத்த மாட்டேங்கு?"

பொட்டல் முழுக்கக் காற்றாலை.
ஒவ்வொன்றும் மூன்று இறக்கையோடு
ட்ரில் பீரியடில் விறைத்து நிற்கிற மாதிரி நின்றன,
என் முந்தானையைப் பிடுங்கும் இந்தக் காற்றில்.

பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
கூடுதல் தகவல். பொதுவான தவறான புரிதல்கள்.
'காற்று வீசாதபோது காற்றாலை சுழலாது.'
அதற்குமேல் ஒரு வரி இல்லை.

"நிறுத்தச் சொல்லிட்டாவ டீச்சர்"
என்றான் மாசானமுத்து, முள்ளைத் திருகியபடி.
"எங்கப்பா அங்கனதான் வாச்மேன்.
கரண்டு ரொம்ப ஆயிட்டாம். லைன் தாங்காதாம்.
வேண்டாம்னுட்டாவ."

"ரொம்ப ஆயிட்டா?"
பிரம்மசக்தி திரும்பி வகுப்பறையைப் பார்த்தாள்.
சன்னலுக்குள்ளே எங்கள் மின்விசிறி,
அதற்கும் இறக்கை மூன்று.

எனக்குத் தெரியாது என்றேன்.
ஒன்பது வருட வேலையில்
இதைச் சத்தமாகச் சொன்னது அன்றுதான்.
பிள்ளைகள் பயப்படவில்லை.
கரண்டாபீசுக்கு எழுதிக் கேட்போமா என்றதும்
யார் எழுத்து அழகு என்று அடிதடி.
'ஐயா' போடுவதா 'அம்மா' போடுவதா என்று இன்னொன்று.
மணி அடித்தும் முடியவில்லை.

ராத்திரி மறுபடி ஏழாவது படி.
பாடம் தன் நோக்கத்தை அடைந்ததா?
ஆம். இல்லை.
இரண்டுக்கும் நடுவில் விரல் வைக்க இடமில்லை.
தூரத்தில் இறக்கைகள் சுழல ஆரம்பித்திருந்தன,
சிவப்பு விளக்கை வைத்துத்தான் அனுமானம்.
எதையும் அமுக்காமல்
அடுத்ததை இறக்கினேன்:
மிதப்பதும் மூழ்குவதும்.
தேவையான பொருட்கள்:
பெரிய தொட்டி ஒன்று, நிறையத் தண்ணீர்.

தண்ணி விட்டு நாலு நாள்.
கையை எட்டித் தொட்டிச் சுவரைத்
தட்டிப் பார்த்தேன்.