பழைய வெட்டு

ஜனவரி. யுவாஸ்கூலா.
மூன்று மணிக்கே ஏரி இருட்டிவிட்டது.
ஹில்க்கா கதவைச் சாத்தி
புறஊதா விளக்கைப் போடுகிறாள்.

தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு ஜெல்.
பகலில் பார்த்தால் ஆறிப்போன கஞ்சி;
இப்போது
பச்சை.
டெர்பியம்.
அடுத்த தட்டில் யூரோப்பியம்,
சூடில்லாத கங்கு.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
பச்சையில் பாதி, சிவப்பில் பாதி,
முகத்தோடு முகம் வைத்து மூடிவிட்டு
காபி குடிக்கப் போவாள்.
திரும்பி வந்தால் ஒரே துண்டு.
ஈனி என்று பாடநூலில் பெயர்,
உலோகத்தைப் பற்றுகிற கைகள்;
இது யாருடைய உலோகம் என்று கேட்பதில்லை,
விட்ட கணமே பிடிக்கும்.
சேர்ந்த இடத்தில் மட்டும்
ஒரு மயிரிழை மஞ்சள்.

நூற்றுப் பதினாறு முறை இப்படி.

போன வெள்ளி, நூற்றுப் பதினேழாவது வெட்டில்
தம்பி அழைத்தான்.
கோடை வீட்டை விற்றாயிற்று என்றான்.
உன் பங்கு வங்கியில்.
அவள் விளக்கை அணைத்து
கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
பிளேடு கிடந்த இடத்திலேயே கிடந்தது,
இரண்டு பக்கமும் பாதிகள்.

இன்று திங்கள்.
ஒளிர்வதில் ஒரு குறையுமில்லை.
சேர்த்து வைத்தால்
சேர்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான்.
கவ்வியில் தூக்கினால் கீழ்ப்பாதி நழுவி விழுகிறது.
மறுபடி வைத்தாள். மேலே எடை வைத்தாள்.
மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாள்.

உருப்பெருக்கியில் தெரிந்தது:
வெட்டிய முகங்களில் மெல்லிய தோல்.
ஹீட்டரின் வறட்டுக் காற்றில்
அந்தக் கைகள் மூன்று இரவு துழாவி
தத்தம் பக்கத்திலேயே
பிடி கண்டுகொண்டிருக்கின்றன.

குறிப்பேட்டில் எழுதுகிறாள்:
"ஆறிவிட்டது. ஆகவே ஒட்டாது."
எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.

புது பிளேடு.
இந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர்,
அந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர்
சீவி எடுக்கிறாள். சீவல்கள் தட்டின் ஓரத்தில்
தாமாக ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன.
பச்சை ஈரம், சிவப்பு ஈரம்,
வைத்து அழுத்துகிறாள்.
வெளியே பனி தள்ளும் வண்டி
இரண்டு தடவை போய் வருகிறது.

தூக்கினால் நிற்கிறது.
இருபது கிராம் படிக்கல்லைக் காணோம்;
சாவிக்கொத்தை மாட்டுகிறாள்.
கோடை வீட்டுச் சாவியும் அதில்தான்.
நீள்கிறது, ஆடுகிறது,
மஞ்சள் கோடு இழுபடுகிறது,
விழவில்லை.

தம்பியை அழைக்கவில்லை.
அளவுகோலை எடுத்து நீளம் பார்த்தாள்,
ஒரு மில்லிமீட்டர் குறைவு என்று குறித்தாள்.
விளக்கை அணைத்த பின்
ஆயிரத்தில் ஒரு நொடி அது ஒளிர்ந்திருக்கும்;
கண்ணுக்கு எட்டாது.
இருட்டில் சாவிகள் மட்டும்
ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.