எடம

ஆரம்பாக்கத்தில் வாங்கிய டீ
ஆறுவதற்குள் மாநிலம் மாறிவிடும்.
தடாவில் எங்கள் ஷெட். பதினொன்றாம் நம்பர்.
பெயர்ப்பலகை தெலுங்கு, கெட்ட வார்த்தை தமிழ்,
திரையில் மட்டும் ஆங்கிலம்.

திரையில் இப்போது ஒரு தண்டு.
இருபத்து நாலு மில்லி, ஸ்டெயின்லெஸ்.
இறால் குளத்தில் துடுப்புச் சக்கரம் சுழற்றுகிற தண்டு.
ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது.
சுற்றும் திசையே நட்டை இறுக்கும்படி
யாரோ யோசித்துப் போட்ட படம்.

மென்பொருளுக்கு அது ஒரு சின்னப் பெட்டி.
டிக் போட்டால் இடது.
போன மாதம் நான் போடவில்லை.

பெஞ்சலய்யா படத்தையும் பார்த்தார், நிரலையும் பார்த்தார்.
சந்தேகப்பட்டு போன் செய்தார்.
பின்னால் கம்ப்ரஸர் அலறிக்கொண்டிருந்தது.
"மேடம், குடேனா?"
என் கையில் காலி டம்ளர்.
"ஆச்சு ஆச்சு" என்றேன்.

அவர் மொழியில் குடி என்றால் வலப்பக்கம்.

நாற்பது தண்டு.
குளக்கரையில் பொருத்தியவன் நல்லவன்.
இடது நட்டு ஏறவில்லை என்று
டப்பாவில் தேடி வலது நட்டு போட்டு இறுக்கினான்.
மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி,
சூளூர்ப்பேட்டைக்குக் கிழக்கே
ஒரு சக்கரம் தானே கழன்று தண்ணீரில் உட்கார்ந்தது.
விடியும்போது இறால் எல்லாம் மேலே,
கரையோரம், மூச்சுக்கு.

"யாருக்கு மரை கழன்றது?" என்று கேட்டார் முதலாளி.
அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல்
சுவரைப் பார்த்துக் கேட்டதுதான் தாங்கவில்லை.

இன்று மறுபடி.

வேகம்:
தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது ஜி தொண்ணூற்றாறு.
விட்டம் சிறுக்கச் சிறுக்கச் சுற்று ஏறும்.
கடைசலுக்குச் சரி, மரைக்கு ஆகாது.
ஒவ்வொரு முறையும் முனை
முன்பு இறங்கிய அதே கோணத்தில் இறங்க வேண்டும்.
தொண்ணூற்றேழு. எண்ணூறு. அசையாதே.

திசை: சக்கிலிருந்து வெளியே.
ஆறு மில்லி பள்ளத்துக்குள் நின்று புறப்பட்டு
அங்கேயே முழு வேகம் பிடித்தாக வேண்டும்,
சுற்றுக்கு மூன்று மில்லி.
இன்செர்ட்டுக்கு அடியில் ஷிம்மை மாற்றச் சொல்லி
தனித் தாளில் எழுதினேன்; அடிக்கோடு இரண்டு.

ஆழம் ஒன்று புள்ளி எட்டு நாலு. பதினான்கு ஓட்டம்.
முதல் கடி பெரிது, போகப் போகச் சின்னது.
கடைசியில் ஒரு வெற்றோட்டம் வைக்கட்டுமா
என்று கேட்கிறது மென்பொருள், பணிவாக.
வேண்டாம்.
வெட்டாமல் சும்மா தடவிக்கொண்டே போனால்
இந்த உலோகம் இறுகிவிடும்.
(சில நாட்களாக நானும் பெஞ்சலய்யாவும்
'ம்', 'சரி' மட்டும் பேசுகிறோம்.)

ஒத்திகை ஓட்டிப் பார்த்தேன்.
திரையில் வலதும் இடதும் ஒன்றுபோலத்தான் மின்னுகின்றன.
பெரிதாக்கி, சாய்வின் மேல் விரல் வைத்து,
தலையைச் சாய்த்து,
மறுபடி பெரிதாக்கி.

அனுப்புமுன் முதல் வரியில்
அடைப்புக்குறி திறந்து ஒரு சொல் சேர்த்தேன்,
ஆங்கில எழுத்தில், அவர் மொழியில்: எடம.
அடைப்புக்குள் இருப்பதை மெஷின் படிக்காது,
தாண்டிப் போய்விடும்.

படிக்கிறவர் படித்தார். போன் வரவில்லை.
எழுந்து போனேன்.

முதல் தண்டு கையில், சூடாக, எண்ணெய் சொட்ட.
இடது கேஜ் சென்னையிலிருந்து இன்னும் வரவில்லை.
புகாரோடு திரும்பி வந்த பிளாஸ்டிக் பையில்
பயன்படாத நாற்பது நட்டு இருந்தன.
ஒன்றை எடுத்து வைத்துத் திருகினேன்.
நகரவில்லை.
வயிறு ஒரு கணம் குளத்துக்குள் போயிற்று.

"மேடம்" என்றார் பெஞ்சலய்யா.
என் கை, பழக்கத்தில், வலப்பக்கம் திருகிக்கொண்டிருந்தது.
அவர் தன் விரலைக் காற்றில்
மறுபக்கமாக ஒருமுறை சுற்றிக் காட்டினார்.