ஏழாவது டப்பா

எண்ணுவது என் வேலை.
தினக்கூலி, செவ்வாய்க்குச் செவ்வாய்.
மஞ்சள் டப்பாவைக் கழற்றி
வெள்ளைத் தட்டில் கவிழ்த்து
பென்சில் முனையால் ஐந்தைந்தாய் ஒதுக்குவேன்.
எல்லாம் ஆண்.
உள்ளே வைத்த மருந்தின் வாசனைக்கு
ஆண் ஈ மட்டும்தான் வரும்.
பெண் மரத்தில் இருக்கிறது
காயைத் துளைத்தபடி.
அதை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

ஒடுகத்தூர் வஜ்ரவேலு தோப்பில்
மே கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டு.
பெங்களூரா பழுக்கப் பழுக்கத் தட்டு நிறைந்தது.
ஒரு மழை பெய்து ஜூன் பிறக்க
அறுநூறு தாண்டிக் கணக்கு தப்பி
மறுபடி ஒன்றிலிருந்து.
வஜ்ரவேலு காலால் ஒரு பழத்தைப் புரட்டினார்.
அடியில் புழு வில்லாய் வளைந்து துள்ளியது.
"நீ கூட்டுற.
குத்தகைக்காரன் கழிப்பான்" என்றார்.

அமிர்தி காட்டோரம்
ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.
டப்பாவில் பாதியை எறும்பு தின்றிருக்கும்.
எறும்புக்கு நோட்டில் கட்டம் கிடையாது,
ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பாலாற்றங்கரைக் கொய்யாவில்
ஐப்பசி மழைக்குப் பின் நூற்று நாற்பது.
அப்புறம் பனி.

தை.
ஒடுகத்தூர் பூஜ்யம்.
அமிர்தி இரண்டு.
கொய்யாவில் ஒன்று, அதுவும் இறக்கை போய்.
மா பூத்து நிற்கிறது; பூவில் முட்டையிட முடியாது.
எங்கே போயிருக்கும் என்று கேட்டேன்.
மண்ணுக்குள், என்றார் அதிகாரி
நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

மீந்த டப்பா ஒன்று இருந்தது.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
ஷம்ஷாத் பழவண்டி நிறுத்தும் வேம்பில் கட்டினேன்.
தையில் முப்பத்தெட்டு.
மாசியில் நாற்பத்தொன்று.
பங்குனியில் முப்பத்தாறு.

ஆஸ்பத்திரிக்குப் பருவம் இல்லை.
கல்கத்தா ரயிலில் காட்பாடி வந்து இறங்குகிறவர்கள்
மார்கழியிலும் இறங்குகிறார்கள்.
சப்போட்டா கால் கிலோ, கொய்யா இரண்டு.
படுக்கையில் கிடப்பவர் ஒரு கடி கடித்துப்
போதும் என்கிறார்.
மிச்சம் லாட்ஜின் பின்சுவரோரம் விழுகிறது.
மரமே இல்லாத தோப்பு அது,
வருஷம் முழுக்கக் காய்க்கிறது.

"ஒம்போது நாள் ஒருத்தர் வந்தாரு,
கொய்யாவை மோந்து பாத்துதான் வாங்குவாரு.
பத்தாம் நாள் வரல.
ஊருக்குப் போனாரா, என்னான்னு தெரியல.
இதெல்லாம் எழுதுவியா?" என்றாள் ஷம்ஷாத்.
ஒரு கொய்யா வாங்கினேன், எழுதவில்லை.

வைகாசியில் சந்தில் பாதியாய்க் குறைந்தது.
ஒடுகத்தூரில் ஏறத் தொடங்கியது.
இடையில் முப்பது சொச்சம் கிலோமீட்டர்.
அதே ஈ என்று சொல்ல
என்னிடம் ஆதாரம் இல்லை.
நோட்டில் ஆறு பத்திதான்.

துவைத்தாலும் துப்பட்டாவில்
மருந்து வாசனை போவதில்லை.
அணைக்கட்டு பஸ்ஸில், ஜன்னல் ஓரம்,
ஒன்று வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது.
உயிரோடு, இறக்கையை மெல்ல ஆட்டிக்கொண்டு.
எந்த டப்பாவின் கணக்கு?
ஒடுகத்தூர் வரும்வரை
நான் கையை அசைக்கவில்லை.