பத்து மணிக்குள்ள

வெறும் வயிற்றோடு வரணும்,
பத்து மணிக்குள்ள ரத்தம் எடுக்கணும்
என்று சீட்டில் எழுதியிருந்தது.
எனக்குப் பத்து மணி என்பது
முந்நூறு மரமும் வெட்டி
பால் எடுத்து ஆசிட் ஊற்றி
விரலிடுக்கைச் சுரண்டிக் கழுவுகிற நேரம்.
ஒரு நாள் வெட்டை விட்டேன்.
குலசேகரத்திலிருந்து முதல் பஸ்.

மார்த்தாண்டத்தில் பாலத்துக்குக் கீழே லேப்.
"எப்ப எழும்பினீங்க?" என்றாள் அந்தப் பெண்.
"ரெண்டு மணிக்கு. பழக்கம்."
"ராத்திரி ரெண்டா?"
ஹார்மோன் விடியும்போதுதான் கூடி நிற்குமாம்.
என் விடியல் எதுவென்று
அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மற்றதற்கு ஒரு டப்பா தந்தாள்.
கதவில் கொண்டி பாதிதான் விழுந்தது.
வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள்.
சுவரில் பால்பவுடர் கம்பெனிக் காலண்டர்,
அதில் குண்டுக் குழந்தை ஒன்று
கண் எடுக்காமல் என்னையே பார்த்தது.
திருப்பி மாட்டினேன்.

மூன்றாம் நாள் பிரிஜிட்டும் வந்தாள்.
எஃப்.எஸ்.எச். என்ற இடத்தில்
இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு.
கூடுதல்தானே, நல்லதுதானே என்று
ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தேன்.
டாக்டர் தலையாட்டினார்:
"மூளை கத்திக் கத்திக் கூப்பிடுகு,
கீழ கேக்க ஆளில்ல. அதாக்கும் இந்தக் கூடுதல்."

பால் அளக்கத் தெரிந்தவன் நான்.
சொசைட்டியில் மீட்டரை முக்கி
முப்பத்திரண்டு என்பார்கள்,
மழைக்காலத்தில் இருபத்தெட்டு.
"தண்ணி சேத்தியா லே?" என்பார்கள்.
கோபம் வரும்.
இங்கே பூஜ்யம்.
தண்ணி சேத்தியா என்று டாக்டர் கேட்கவில்லை.
ஒருக்கா கூடப் பார்ப்போம் என்றார்.
பிறகு, "சின்ன வயசில தாடை வீங்கிச்சா?"

பதினாலு வயது. பொன்னுக்கு வீங்கி.
அம்மா தன் கழுத்துச் செயினைக் கழற்றி
என் கழுத்தில் போட்டாள், இரண்டு பவன்.
தாடை வற்றியது.
அடியில் வீங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.
நாலு நாள் காலை அகட்டி நடந்தேன்,
பயல்கள் சிரித்தார்கள்,
நானும் சிரித்தேன்.

அந்தச் செயினை அடகு வைத்துத்தான்
பிரிஜிட்டுக்குக் குழாய் அடைப்புப் பார்த்தோம்.
அடைப்பு இல்லை.
ஆறு வருஷம் ஊசி, மாத்திரை, ஸ்கேன், நோன்பு.
கொழுந்தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம்;
குழந்தையை எல்லார் கையிலும் கொடுத்தவர்கள்
அவள் முன்னால் வந்ததும்
சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிப் பேசினார்கள்.
நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன்.
என்னை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை.
சோதிக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.
மீசை இருந்தது, போதும் என்று இருந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அவளிடம் சொன்னேன்:
"தோட்டத்தில பட்டமரப்பு வந்த மரம் நிக்கும்.
இலையெல்லாம் பச்சை. தடியும் நல்ல தடி.
கத்தி வெச்சாத்தான் தெரியும்.
அதை யாரும் திட்டமாட்டாங்க.
ஒரு சுண்ணாம்புக் கோடு,
அடுத்த மரத்துக்குப் போயிருவோம்."
"மரத்துக்கு அம்மா இல்ல," என்றாள்.

பஸ் ஏறியதும் போன்.
"லே மக்கா, அவளுக்க ரிசல்ட் வந்தாச்சா?"
"எனக்க ரிசல்ட் அம்மா."
"அவளுக்குள்ளத கேட்டேன்."
"அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்க. எனக்கதான்."
திருவட்டாறு வளைவில் பஸ் சாய்ந்தது.
சிக்னல் போனதா, அம்மா வைத்தாளா, தெரியாது.
முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு
மழை பெய்யாத வெளியைப் பார்த்துக்கொண்டான்.

பிரிஜிட் என் சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.
ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது.
கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள்,
விலை தெரிந்தவள் துணி பார்க்கிற மாதிரி.
"மொதல் தடவை அப்படித்தான் இருக்கும்," என்றாள்.