திருகாணி

நடைபாதைச் சுவரில் எண்கள் வேண்டும் என்றார்கள்.
ஒன்று முதல் பதினான்கு வரை,
வெள்ளைத் தகட்டில் நீல எழுத்து.
ஒட்டுப்பசையா, திருகாணியா என்று கேட்டேன்.
ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல்
"திருகாணி" என்றார் மேலாளர்.

சுற்றறிக்கையில் 'தற்காலிகம்' என்றிருந்தது.
பசை என்றால் நம்பியிருப்பேன்.

பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில்
குழாய், கதவு, ஒழுகும் கூரை எல்லாம் நான்தான்.
அயர்லாந்தின் மேற்குக் கரையில்
மழை லீவு எடுப்பதில்லை,
அதனால் நானும்.
துளை போடும்போது
தள்ளுவண்டிகளில் படுத்திருந்தவர்கள்
காதைப் பொத்திக்கொண்டார்கள்.
மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று
பதினான்கு முறை சொன்னேன்.
சுவரின் தூசி யாருடைய டீயிலோ விழுந்தது.

ஏழாம் எண்ணுக்கு மேலே
அவசர வழி விளக்கு.
பச்சை வெளிச்சத்தில் ஓடும் மனிதன்.
அதன் கீழே முப்பத்தெட்டு மணி நேரமாக
கோர்மக் டியர்கன்,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.
"அந்த விளக்கை அணையேன்பா, கண்ணு மூடணும்."
அணைக்க முடியாது, தீயணைப்புச் சட்டம்.
"அப்ப இங்கேருந்து கிளம்பிப் போறவன்
அவன் ஒருத்தன்தானா" என்றார்.
சிரித்ததில் சலைன் குழாய் ஆடியது.
எட்டாம் எண்ணும் சிரித்தது.
ஒன்பது சிரிக்கவில்லை, ஒன்பதுக்கு மூச்சு வாங்கியது.

வியாழன் மாலை
பள்ளிக்கூட ஜிம்மில் பொதுக்கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை கட்டி
டப்ளினிலிருந்து வந்தவர் வரைபடம் காட்டினார்.
ஒரு தடவைகூட 'படுக்கை' என்று சொல்லவில்லை.
'கொள்ளளவு' என்றார்.
'நோயாளி ஓட்டம்' என்றார்.
நான் குழாய்க்காரன்.
ஓட்டம் நின்றால் அடைப்பு எங்கே என்று தேடுவோம்.
இவர்கள் கீழே வைத்த வாளிகளுக்கு
நம்பர் போடச் சொல்கிறார்கள்.

கிரானியா ஹெஸ்லின் எழுந்தாள்,
ஈரக் கோட்டைக் கழற்றாமலே.
"எல்லார் கண்ணு முன்னாலயும்
எங்க அப்பாவுக்குத் துணி மாத்தினாங்க.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டார்.
உங்க படத்துல அது எந்தக் கோடு?"
மைக் கீச்சிட்டது.
"குறித்துக்கொண்டேன்" என்றார் அவர்.
பேனாவின் மூடி அப்படியே இருந்தது.
கடைசி வரிசையில் நான்
வேலைக்கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு
உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு இரவு ஃபோன் வந்தது.
பதினைந்தாம் எண் வேண்டுமாம்,
சிப்ஸ் மெஷினுக்கும் துணி அலமாரிக்கும் நடுவே.
"திருகாணி தீர்ந்துபோச்சு" என்றேன்.
கோட்டுப் பையில் ஒரு பெட்டி முழுசாக இருந்தது.
அதுதான் என் போராட்டம்.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போனால்
எண் இல்லாத இடத்தில் ஒரு தள்ளுவண்டி.
டிம்ப்னா மல்குவீன்,
வலது மணிக்கட்டில் கட்டு,
மடியில் மடித்த கண்ணாடி.
எண் இல்லை, அதனால் பட்டியலில் இல்லை.
மாத்திரை வண்டி தாண்டிப் போயிருந்தது.
ரொட்டி வண்டியும்.
"கேட்டிருக்கலாமே" என்றேன்.
"அந்தப் பொண்ணுங்க ஓடுறதைப் பாத்தா
கேக்க மனசு வரல" என்றாள்.

இரண்டே திருகாணி.
முதலாவது வளைந்துபோனது,
பிடுங்கி வேறொன்று போட்டேன்.
நரைத்த தலையில் வெள்ளைத் தூசி உட்கார,
அவள் அண்ணாந்து எண்ணைப் படித்தாள்.
"நல்லதாப் போச்சு.
மகளுக்குச் சொல்ல ஒரு விலாசம் கெடைச்சுது."

டீ வண்டி வந்தது. நின்றது.
பால் எவ்வளவு என்று கேட்டார்கள்.
அந்தத் தூசியைத் தட்டிவிடலாமா கூடாதா என்று தெரியாமல்,
இன்னும் சூடு ஆறாத டிரில் மெஷினோடு
நான் நின்றுகொண்டிருந்தேன்.