காற்று வழி, எலும்பு வழி

முதல் வாரம் கிசுகிசுப்பு.
ஒரு கை நீளம் தள்ளி, முதுகுப்பக்கம் நின்று,
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு
மிச்சமிருக்கும் காற்றில் மூன்று எண் சொல்லவேண்டும்.
நானும் தில்ஷாத்தும் ஒருவர் பிடரியில் ஒருவர்
ஏழு, நான்கு, ஒன்பது என்று சொல்லிச்
சிரித்ததில் பாதி நாள் போனது.
மற்றக் காதை விரலால் தேய்த்து மறைக்க
ஒவ்வொரு முறையும் மறந்துபோவேன்.

இரண்டாம் வாரம் இசைக்கவை.
தண்டில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று பொறித்திருக்கும்.
முழங்கையில் தட்டிக் காதுக்குப் பின்னே எலும்பில் ஊன்று,
பிறகு காதோரம் காற்றில் பிடி,
"எது பெருசா கேக்குது?"
நெற்றி நடுவில் வைத்தால்
அடைத்த காதின் பக்கமே ஒலி சாயும்.
நரம்பு போன காதென்றால் நல்ல காதுக்குப் போய்விடும்.
இதைத் தலைகீழாக எழுதி இரண்டு மார்க் விட்டேன்.

மூன்றாம் வாரம் வந்தவர்
அம்மாபேட்டை, விசைத்தறி, முப்பத்தோரு வருடம்.
"பேரு சவுண்டப்பனுங்க.
சவுண்டு பேருல மட்டுந்தான் இருக்குன்னு
சம்சாரம் சொல்றா."

நாற்காலியைத் திருப்பிப் போட அன்று சோம்பல்.
முன்னால் நின்றபடியே கிசுகிசுத்தேன்.
எட்டு, மூன்று, ஆறு.
"எட்டு மூணு ஆறு."
ஒன்று, ஐந்து, இரண்டு.
அச்சுப் பிசகாமல் சொன்னார்.
சீட்டில் இயல்பு என்று எழுதி
அடியில் கோடும் போட்டேன்.

பிறகு ஒலிபுகா அறை, ஹெட்போன், கையில் பொத்தான்.
"ரொம்ப மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க."
கேட்டால் பத்து இறக்கு,
கேட்காவிட்டால் ஐந்து ஏற்று.
ஆயிரத்தில் ஒழுங்காக அழுத்தினார்.
நாலாயிரத்தில் ஏற்றினேன், ஏற்றினேன்,
இன்னும் ஏற்றினேன்.
விளக்கு எரியவில்லை.
கையை எடுத்துவிட்டு
ஒன்றுமே அனுப்பாமல் இருந்தபோது எரிந்தது.
மறுபடியும் எரிந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
தில்ஷாத்திடம் சொன்னேன்,
"சும்மா அழுத்துறாருடி."

கதவைத் திறந்ததும் அவர் சொன்னார்:
"சும்மா அழுத்தலம்மா."

இரட்டைக் கண்ணாடி.
நாலு விரல் கனத்துக்குப் பஞ்சடைத்த சுவர்.
ஹெட்போன் அப்போதுதான் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"இருபது தறி ஓடுற கொட்டாயில
வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம்.
நூலு அறுந்துச்சு, டீ வந்துச்சு,
மொதலாளி வர்றான், எல்லாம் வாயிதான்.
மொதல்ல சொன்னீங்களே எட்டு மூணு,
அதுவும் நான் பாத்ததுதான்."

அப்புறம் ஏன் அழுத்தினீங்க?

"கரண்டு போனாலும் நிக்காத தறி ஒண்ணு
உள்ளாற ஓடிக்கிட்டே இருக்கும்மா.
உங்க மிசின்ல வர்றது எது, அது எதுன்னு
பிரிக்கத் தெரியல.
எதுக்கும் அழுத்தி வெப்போம்னு..."

இயல்பை அடித்தேன்.
அடியில் போட்ட கோட்டை
என்ன செய்வதென்று தெரியவில்லை.

வலதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல்.
நாலாயிரத்தில் இரண்டும் ஒரே குழியில் கிடந்தன,
எட்டாயிரத்தில் கொஞ்சம் கரையேறின.
தில்ஷாத் தாளைத் தலைகீழாகப் பிடித்தாள்.
"சேர்வராயன் மலை மாதிரி இல்ல?"
ஜன்னலில் நிஜ மலை மேகத்துக்குள் இருந்தது,
ஒப்பிட முடியவில்லை.
நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகுகாட்டித்
திருப்பிப் போட்டோம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்.
சாலையின் அந்தப் பக்கம் அவர்,
மருந்துப் பையோடு.
நடுவே லாரி, ஆட்டோ, ஹாரன்.
என்னைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார்.
மூன்று சொல் இருக்கும், நான்காகவும் இருக்கலாம்.
நான் காதில் கைவைத்துக் கேட்கவில்லை என்றேன்.
சிரித்தார்.
உதட்டைத் தொட்டுக் காட்டி
இன்னொரு தடவை, நிதானமாக.
அம்மாபேட்டை பஸ்
குறுக்கே வந்து நின்றுவிட்டது.